கவினுக்கு இரண்டு மாமன்கள்

நான் குணப்படுத்திய குழந்தைகளைப் பற்றி எழுதித் தரும்படி உங்கள் இதழின் ஆசிரியர் கேட்டார். குணமான குழந்தைகளில் பாதிப் பேர் நான் இல்லாவிட்டாலும் குணமாகியிருப்பார்கள். சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. ஆகவே அதையெல்லாம் விட்டுவிட்டு, பல மாதங்கள் எனக்கு ஒன்றுமே பிடிபடாமல் போன ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் கதையில் சில விஷயங்கள் இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் தெளிவு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நீங்கள் இப்போதுதான் குழந்தை மருத்துவத்துக்குள் வந்திருக்கிறீர்கள், உங்களுக்காவது புரிகிறதா பாருங்கள்.

அப்போது நான் ஷார்ஜாவில், ரோலா பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். துபாயில் திரும்பின இடமெல்லாம் கிரேன் நிற்கும். ஷார்ஜாவில் வாடகைக்கு இருந்துகொண்டு துபாய்க்கு வேலைக்குப் போகிற அப்பாக்கள் பாதி ஆயுளை டிராபிக்கில் கழித்துவிட்டு, இரவு எட்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கிளினிக் காலையில் ஒன்பது முதல் ஒன்று, மாலையில் ஐந்து முதல் பத்து. நடுவில் நாலு மணி நேரம் நான் தூங்குவேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் பகலில் தூங்கினால் திட்டு விழும், ஷார்ஜாவில் அதற்குப் பெயர் ஸ்பிளிட் டூட்டி.

கவினை முதலில் பார்த்தபோது அவனுக்கு ஒன்பது மாதம். காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. அப்பா சிவகுமார், கரூர்க்காரர், துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சைட் இன்ஜினியர். அம்மா மலர்விழி, புதுக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிவகுமார் கையில் ஒரு மஞ்சள் ஃபைல் இருக்கும். பிள்ளைக்குப் போட்ட தடுப்பூசி, வாங்கிய மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் வைத்திருப்பார். அந்த ஊரில் பத்து நாள் இருந்தாலே இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். விசாவுக்கு நகல், வீட்டுக்கு நகல், கரண்ட் கனெக்‌ஷனுக்கு நகல். எந்தக் காகிதமும் ஜெராக்ஸ் ஆகாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகாது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும், அது எங்களுடையது. கிளினிக் படிவத்தில் குழந்தையின் பெயருக்கு மேலேயே ஸ்பான்சர் பெயர் இருக்கும். ஸ்பான்சர் என்றால் அப்பா. அம்மாவும் பிள்ளையும் அவர் விசாவில் வந்தவர்கள். இன்சூரன்ஸ் கார்டு அவரிடம், பாஸ்போர்ட் நகல் அவரிடம், கார் சாவி அவரிடம். ஆகவே கேள்வியும் அவரிடமே போகும். அம்மா குழந்தையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், சட்டையைத் தூக்கு என்றால் தூக்குவாள். நானும் ஒரு பெண்தான், வாய்க்கும் குறைச்சல் இல்லாதவள். ஆனாலும் வந்த மூன்றாம் மாதமே அந்தப் பழக்கத்தில் விழுந்துவிட்டேன்.

முதல் நாள் படிவம் நிரப்பும்போது வழக்கமான கேள்வியைக் கேட்டேன். குடும்பத்தில் குழந்தைகள் யாராவது சின்ன வயதில் இறந்திருக்கிறார்களா? சிவகுமார் ஒரு நொடி யோசித்து, "அப்படி யாருமில்லீங்க மேடம்" என்றார். நான் 'இல்லை' என்று எழுதினேன். அந்த நேரத்தில் மலர்விழியின் முகம் மாறியதா என்று பிறகு எத்தனையோ முறை நினைவில் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை, நான் அவளைப் பார்க்கவே இல்லை.

காது ஆறியது. அடுத்த மாதம் நெஞ்சுச் சளி. அதற்கடுத்து இன்னொரு காது, கண்ணில் பீளை, பிறகு நிமோனியா. ஆன்டிபயாடிக் கொடுத்தால் கேட்டது, நிறுத்திய பத்தாவது நாள் திரும்ப வந்தார்கள். நடுவில் இரண்டு முறை வேறு டாக்டர்களிடமும் போய்விட்டு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், என் பிள்ளையாக இருந்தால் நானும் போயிருப்பேன்.

எனக்குத் தோன்றாத காரணம் இல்லை. ஏசி ஃபில்டரைக் கழுவச் சொன்னேன். கம்பளத்தைத் தூக்கச் சொன்னேன். மண்காற்று அடிக்கிற நாளில் ஜன்னலைத் திறக்காதீர்கள் என்றேன். கொசுவிரட்டித் திரவத்தை நிறுத்தச் சொன்னேன். ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று மூன்று மாதம் ஸ்பிரே கொடுத்தேன். அந்த ஊரில் ஏசியையும் மண்ணையும் குற்றம் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், டாக்டருக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும். சிவகுமார் சொன்னதையெல்லாம் செய்தார். ஏசியை இரண்டு முறை கழற்றி மாட்டியதற்கு ரசீதுகூட ஃபைலில் இருந்தது. பிள்ளை மட்டும் எடை கூடவில்லை.

கோடை விடுமுறைக்கு அம்மாவும் பிள்ளையும் ஊருக்குப் போனார்கள். எனக்கு உள்ளூர நிம்மதி. ஊர்க் காற்று பட்டால் சரியாகிவிடும் என்று வழியனுப்பினேன். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் எட்டு நாள் படுத்துவிட்டுத் திரும்பி வந்தான். ஏசி இல்லை, மண்காற்று இல்லை, நிமோனியா மட்டும் இருந்தது. அந்த எக்ஸ்ரேயைப் பழைய எக்ஸ்ரேயோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏதோ ஒன்றைத் தொடர்ந்து தவறவிடுகிறேன் என்று தெரிந்தது, எதை என்று தெரியவில்லை.

கவினுக்கு ஒன்றரை வயது ஆனபோது மூன்றாவது நிமோனியா வந்தது. இந்த முறை மூச்சு வாங்கியது, உதடு நிறம் மாறியது. நானே என் காரில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே குழந்தைகள் பிரிவில் சூடான் நாட்டுக்காரர் ஒருவர் மூத்த டாக்டராக இருந்தார். நெட்டையான மனிதர், மெதுவாகப் பேசுவார். ஜூனியர்கள் அவருக்கு நடுங்குவார்கள். அவர் யாரையும் திட்ட மாட்டார், ஒரு கேள்வி கேட்பார், அதற்குத்தான் நடுக்கம். பிள்ளைக்கு ஆக்ஸிஜன் வைத்து, மருந்து ஏற்றி, மூச்சு கொஞ்சம் நிதானப்பட்ட பிறகு, மறுநாள் காலையில் அவன் தொண்டையைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். சிவப்பாக இருக்கிறது என்றேன். டான்சில் எங்கே என்று கேட்டார்.

இல்லை. இரண்டு பக்கமும் வழவழப்பாக இருந்தது. இத்தனை முறை சளி பிடித்த ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு டான்சில் வீங்கிப் பெரிதாக இருக்க வேண்டும். கழுத்தைத் தடவிப் பார்த்தேன், நெறிகட்டவும் இல்லை. நான் அந்தத் தொண்டையை ஒன்பது மாதத்தில் இருபது முறையாவது பார்த்திருப்பேன். சிவப்பு இருக்கிறதா, சீழ் இருக்கிறதா என்று தேடியவள், இருக்க வேண்டியது இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அம்மாவின் பக்கத்தில் ஆண் குழந்தைகள் யாராவது இறந்திருக்கிறார்களா என்று அவர் கேட்டார். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். இல்லை, கேட்டு எழுதியிருக்கிறேன் என்றேன். யாரிடம் கேட்டாய் என்றார். அப்பாவிடம் என்றேன். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"மாமியார் வீட்டில் நடந்தது மருமகனுக்கு எவ்வளவு தெரியும்?"

அவர் ஊரும் நம் ஊர் மாதிரிதான் போலிருக்கிறது. ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் புரதத்தின் அளவைப் பார்க்க மாதிரி அனுப்பச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் சந்தேகப்பட்டது என்னவென்று எனக்கு அப்போது புரிந்துவிட்டது. அந்தப் புரதத்தை உடம்பு செய்யவே முடியாத ஒரு பிறவிக் குறை. வயிற்றில் இருக்கும்போது தாய் கொடுத்தது ஆறு மாதம் வரை காப்பாற்றும், பிறகு பிள்ளை வெறுங்கையோடு நிற்கும். தாய் சுமந்து வருவாள், அவளுக்கு ஒன்றும் செய்யாது. அவளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளில் சிலரைப் பிடிக்கும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாத போலியோ சொட்டு மருந்தை நானே அவன் வாயில் விட்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை, அதில் என் சாமர்த்தியம் ஏதும் இல்லை.

அன்று மத்தியானம் சிவகுமார் சைட்டுக்குப் போயிருந்தார். மலர்விழி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் தடவையாக அவளைப் பார்த்துக் கேட்டேன். உன் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?

அவள் பிள்ளையின் கையில் ஊசி குத்தியிருந்த இடத்தில் சுற்றியிருந்த பிளாஸ்டரை நீவிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு மேல ரெண்டு பேரு டாக்டர். அண்ணனுங்க. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. ஒருத்தன் ரெண்டு வயசுல, இன்னொருத்தன் பத்து மாசத்துல. சளியும் காய்ச்சலுமாவே கெடந்தாங்களாம்."

அவள் அம்மா அதைப் பேசவே மாட்டாளாம். ஆண் பிள்ளை தங்காத வீடு என்று ஊரில் பேர் வந்துவிடும் என்பதால், பெண் பார்க்க வந்தபோது ஒரே பெண் என்று சொல்லிவிட்டார்கள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்களே, இவர்கள் ஒரே ஒரு பொய்தான் சொன்னார்கள். கரூரிலிருந்து வந்தவர்கள் தீர விசாரிக்கவில்லை, துபாய் மாப்பிள்ளைக்கு லீவு இருபத்தைந்து நாள்தான்.

"அவுகளுக்குத் தெரியாது டாக்டர். அவுக வீட்டுக்குத் தெரிஞ்சா என்னய ஊரோட அனுப்பிருவாக. தயவுசெஞ்சு சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். வாக்குக் கொடுப்பது எனக்குச் சுலபமாக வந்துவிட்டது.

ரத்த முடிவு வந்தது. இருக்க வேண்டிய புரதம் கிட்டத்தட்ட இல்லை. சூடான்காரர் தாமதிக்க வேண்டாம் என்றார். வெளியிலிருந்து அந்தப் புரதத்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. ஏற்றினால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூடம் போவான். ஏற்றாவிட்டால் அடுத்த நிமோனியாவோ அதற்கடுத்ததோ. காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் அல் ஐன் நகரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர் இருந்தார். அடுத்த வியாழக்கிழமைக்கு நாள் வாங்கினோம். பிள்ளை காய்ச்சல் விட்டு வீட்டுக்குப் போனான். கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் எனக்கே இது குழப்பம். அல் ஐன் டாக்டருக்கு எழுதிய கடிதத்தில், தாயின் சகோதரர்கள் இருவர் குழந்தைப் பருவத்தில் தொற்றுநோயால் இறந்தவர்கள் என்று ஒரு வரி எழுதினேன். எழுதாமல் இருக்க முடியாது, நோயை உறுதிப்படுத்துவதே அந்த வரிதான். உறையில் போட்டு ஒட்டினேன். மறுநாள் மாலை சிவகுமார் வந்தார், அவர் கையில் கொடுத்தேன். எல்லாக் கடிதத்தையும் அப்பா கையில்தான் கொடுப்போம். ஃபாக்ஸ் அனுப்பியிருக்கலாம். அல் ஐன் டாக்டரிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம். மலர்விழியிடமாவது கொடுத்திருக்கலாம். இதெல்லாம் அவர் வெளியே போய் ஒரு மணி நேரம் கழித்துத் தோன்றியது. பழக்க தோஷத்தில் கொடுத்தேனா, இல்லை, அவருக்குத் தெரியட்டும் என்று உள்ளுக்குள் எனக்கே ஒரு நினைப்பு இருந்ததா? இருபது வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன். சில நாள் முதலாவது, சில நாள் இரண்டாவது.

சிவகுமார் உறையை எடுத்துக்கொண்டு நேராக டைப்பிங் சென்டருக்குப் போயிருக்கிறார், நகல் எடுக்க. ஒட்டிய உறையைப் பிரிக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நகல் இல்லாமல் ஒரு காகிதத்தை அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் அந்த ஊரில் புத்திகெட்ட காரியம். நகல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும்போது படித்திருக்கிறார்.

அன்றைக்கே கிளினிக் மூடும் முன் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. நகலை என் மேஜையில் வைத்து அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இது நீங்க எழுதுனதுங்களா மேடம்?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு மச்சான்னு யாருமே இல்லீங்க. ஒத்தப் புள்ளைன்னு சொல்லித்தானுங்க கட்டிக் கொடுத்தாங்க."

அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் யோசித்து வையுங்கள். நான் செய்தது இது. மருந்துச் சீட்டு எழுதும் தாளை எடுத்து, வட்டமும் கட்டமும் போட்டு, இந்த நோய் தாய்வழியாக எப்படி வருகிறது என்று விளக்கினேன். மனைவி மேல் கொதித்துக்கொண்டிருக்கும் மனிதனிடம் எல்லாம் உன் மனைவி வழியாகத்தான் வந்தது என்று படம் வரைந்து காட்டிய புத்திசாலி நான். எரிகிற நெருப்பில் எண்ணெய் என்பார்கள், நான் டின்னோடு கவிழ்த்தேன். அவர் மரியாதையாகக் கடைசிவரை கேட்டார். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை மலர்விழி போன் செய்தாள். அழவில்லை, குரல் வறண்டு போயிருந்தது. வெள்ளிக்கிழமை ஃபிளைட்டுக்கு அவளுக்கும் பிள்ளைக்கும் டிக்கெட் போட்டுவிட்டாராம். திரும்பி வர டிக்கெட் இல்லை. வியாழக்கிழமை அல் ஐன் போவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

"ஒங்க வீட்டு ஆளுகளே வச்சுப் பாத்துக்கட்டும்னுட்டாக. நீங்க சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே டாக்டர்."

மன்னித்துக்கொள் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பிள்ளை அப்போதுதான் நிமோனியாவிலிருந்து எழுந்திருந்தான். மருந்து ஒரு முறைகூட ஏறவில்லை. இந்த நிலையில் விமானத்தில் ஏறி, ஊரில் இறங்கி, அங்கே ஒரு டாக்டருக்குக் கதையைப் புரியவைத்து, மருந்தைத் தேடிப் பிடிப்பதற்குள் என்னவும் நடக்கலாம். சூடான்காரருக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வாக்குக் கொடுத்தது, கடிதம், வட்டம் கட்டம் எல்லாம். நாளைக்கே அவர்கள் வீட்டுக்குப் போய் இருவரையும் உட்கார வைத்துப் பேசட்டுமா என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார்.

"குடும்பத்தைச் சேர்த்து வைக்க உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளைக்கு மருந்து ஏற்ற இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்."

சொல்வது சுலபம். பிள்ளையின் பாஸ்போர்ட் அப்பாவிடம், கார் அப்பாவிடம். அவர் கையெழுத்து இல்லாமல் அல் ஐனில் ஊசி முனைகூடப் படாது.

புதன்கிழமை என் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு டாக்ஸி பிடித்து துபாயில் அவருடைய சைட்டுக்குப் போனேன். கேட்டில் இருந்த பாகிஸ்தான் பட்டான் காவல்காரர் சேலை கட்டிய கிழவியைப் பார்த்துத் திகைத்துப் போய், ஹெல்மெட் இல்லாமல் விட மாட்டேன் என்றார். கொண்டைக்கு மேல் ஹெல்மெட் உட்காரவில்லை. அதைக் கையால் பிடித்துக்கொண்டே சைட் ஆபீஸ் கேபினுக்குள் நுழைந்தேன். சிவகுமார் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவ்வளவு கோபத்திலும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

நான் ஆரம்பிக்கும் முன் அவரே பேசினார்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க மேடம். என்ற பையன் மூச்சு விட முடியாமக் கெடக்கறப்பக்கூட வாயத் தொறக்கல. நீங்க மொத நாளு கேட்டப்ப பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அன்னிக்கே சொல்லியிருந்தா இத்தன மாசம் இவன் இந்தப் பாடு பட்டிருப்பானுங்களா?"

அவர் சொன்னது சரி. நான் டாக்ஸியில் தயார் செய்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டேன். மலர்விழி அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்கும். அவள் பயந்ததும் நியாயம், இவர் கோபப்படுவதும் நியாயம். நடுவில் பிள்ளை.

பிறகு எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு அண்ணன் செத்தது அவளுக்குத் தெரியும். ஏன் செத்தாங்கன்னு தெரியாது. ஒம்பது மாசம் உங்க பையன் நெஞ்சுல குழாய் வச்சுப் பாத்த எனக்கே தெரியல. இதையே படிச்சுப் பட்டம் வாங்கினவ நான். நான் கேட்டதும் உங்ககிட்டதான், அவகிட்ட கேக்கவே இல்ல."

"அப்ப உங்க மேலதானுங்க கோவப்படோணும்."

"படுங்க. நாளைக்கு மருந்து ஏறட்டும், அதுக்கப்புறம் எவ்வளவு வேணும்னாலும் படுங்க."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நான் இன்னும் ஒன்று சொன்னேன், அது திட்டம் போட்டுச் சொன்னதில்லை.

"அந்த ரெண்டு பிள்ளைங்களும் கவின் மாதிரியேதான் கெடந்து செத்திருக்காங்க. அன்னிக்கு அந்த ஊருல இது என்னன்னு ஒருத்தருக்கும் தெரியல. அவங்க போன சேதி தெரிஞ்சதாலதான் இவனுக்கு என்னன்னு நாங்க உறுதியாச் சொல்றோம். இல்லேன்னா நான் இன்னமும் உங்களை ஏசியக் கழட்டச் சொல்லிட்டிருப்பேன்."

அவர் பதில் சொல்லும் முன் போர்மேன் கதவைத் திறந்து, கான்கிரீட் வண்டி வந்து நிற்கிறது, ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தினார். சிவகுமார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வருகிறேன் என்றது கான்கிரீட்டுக்கா, அல் ஐனுக்கா? எனக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வெயிலில் டாக்ஸிக்கு நின்றேன்.

வியாழக்கிழமை காலை கிளினிக்கில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்தேன், என்ன மருந்து எழுதினேன், எதுவும் நினைவில் இல்லை. எங்கள் நர்ஸ் லீலாம்மா இரண்டு சீட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்து, டாக்டர், எடை பார்த்து எழுதுங்கள் என்றாள். மாலை ஐந்தரைக்கு அல் ஐன் டாக்டர் போன் செய்தார். மருந்து ஏறிவிட்டது, பிள்ளைக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அம்மா அப்பா இரண்டு பேரும் வந்திருந்தார்கள் என்றார். நான் போனை வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். லீலாம்மா கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் ஊருக்குப் போகவில்லை. டிக்கெட்டை என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. கவின் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றிக்கொண்டு எடை போட்டான், பள்ளிக்கூடம் போனான். இப்போது இருபது வயது தாண்டி, தோலுக்கடியில் ஏற்றும் வகை வந்துவிட்டதால் தன் மருந்தைத் தானே போட்டுக்கொள்கிறான். எனக்கு அவன் அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்தில் எழுத்துப் பிழை அதிகம். அவனுக்குத் தங்கை தம்பி யாரும் இல்லை. அது அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவா என்றும் நான் கேட்டதில்லை.

உங்களுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. தாயிடம் தனியாகக் கேளுங்கள். அப்பாவை பார்க்கிங்குக்கு அனுப்பிவிட்டாவது கேளுங்கள். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் கடிதம் எழுதும்போது இரண்டு முறை யோசியுங்கள். இவ்வளவும் எனக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் நான் வாக்கைக் காப்பாற்றியிருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது தெரியாது. கடிதம் நல்லதுக்கா கெட்டதுக்கா என்று மலர்விழியிடமே ஒரு முறை கேட்டேன். எனக்கும் தெரியல டாக்டர் என்றாள். என்னை மன்னித்துவிட்டாளா என்பதும் அந்தப் பதிலில் இல்லை.

அன்றைக்குத்தான் அவள் அல் ஐன் போன வழியில் நடந்ததைச் சொன்னாள். புதன் இரவு முழுவதும் சிவகுமார் பேசவில்லை. காலையில் காரில் ஏறு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எங்கே போகிறோம் என்று கேட்க அவளுக்குப் பயம், ஏர்போர்ட்டோ என்று நினைத்திருக்கிறாள். பிள்ளை பின்சீட்டில் தூங்கிவிட்டான். மணல் சிவப்பாக மாறத் தொடங்கிய இடத்தில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, பெரியவர் பேர் என்ன என்று கேட்டாராம். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, முருகேசன் என்றாள்.

சின்னவர்?

அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அம்மாவிடம் கேட்க ஒரு நாளும் தைரியம் வந்ததில்லை என்றாள். சிவகுமார் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அந்தக் காலத்தில் செலவுக்குப் பயந்து காலிங் கார்டு இல்லாமல் யாரும் ஊருக்குப் பேச மாட்டார்கள். அவர் தன் மொபைலிலிருந்தே நேராகப் புதுக்கோட்டைக்குப் போட்டார்.

"அத்தை, நான் சிவா பேசறேனுங்க. கவின ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டிருக்கறோம். சின்ன மச்சான் பேரு என்னங்க?"

லைன் கட்டாகிவிட்டது என்று மலர்விழி நினைத்திருக்கிறாள். பிறகு அவள் அம்மாவின் குரல், பக்கத்து சீட்டில் இருந்தவளுக்கும் கேட்கிற அளவுக்கு வந்தது.

"செல்வராசு, மாப்புள்ள."

அவர் கேட்காமலேயே அந்த அம்மா இன்னொரு முறையும் சொன்னாராம்.